ஆளுக்கொரு கடிதம்

சாரநாதன் சாப்பாட்டைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். கோமளவல்லி அதை முதலில் ஒரு வரமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் என்று ஆகி மூன்று வருஷம். அதில் பெரும்பகுதி, அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து முனகாத நாள் கிடையாது. "ஏண்டி கோமு, ரேடியேட்டர்ல ஊத்துற தண்ணி இதைவிட ருசியா இருக்கும்" என்பார். பேருந்துகளை மனிதர்கள் ஓட்டிய காலத்தில் கும்பகோணம் - மன்னார்குடி தடத்தில் ஓட்டுநராக இருந்தவர். உவமை எல்லாம் பஸ்ஸைச் சுற்றித்தான் வரும். அவள் கரண்டியை ஓங்குவாள். "ரேடியேட்டர் தண்ணியைக் குடிச்சுப் பாத்திருக்கீங்களாக்கும்!" என்பாள். அப்படியே சாப்பாடு உள்ளே போய்விடும்.

இப்போது அவர் பேசுவதில்லை. பாதியைத் தின்கிறார், "நல்லாருந்துச்சு" என்கிறார், எழுந்து கை கழுவப் போகிறார். மனிதருக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்க அவளுக்கு நேரம் இல்லை. அவள் கண் எந்நேரமும் போனில் ஓர் எண்ணின் மேலேயே இருந்தது.

'உப்பில்லா அடுக்களை' என்று அவள் ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். அவர் நோயில் விழுந்த புதிதில் மருத்துவமனையில் சொன்னதெல்லாம் 'கூடாது'தான். உப்பு கூடாது, தக்காளி கூடாது, கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. பிறகு எதைத்தான் போடுவது? அன்று திருநாகேஸ்வரம் போய் உப்பிலியப்பன் சன்னதியில் நின்று அழுதாள். இளம் மனைவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்பதற்காக, இனி உப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெருமாள் அவர். இன்றைக்கும் அங்கே பிரசாதத்தில் உப்புக் கிடையாது. அந்தப் புளியோதரையை வாயில் போட்டுக்கொண்டு அவள் யோசித்தாள். உப்பில்லாமலும் இது தொண்டையில் இறங்குகிறதே, எதனால்?

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தாள். காய்களைச் சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது. மிளகையும் கறிவேப்பிலையையும் வறுக்கும் வாசனையில் நாக்கை ஏமாற்றுவது. உணவு ஆலோசகரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதுவாள். சனிக்கிழமைதோறும் ஒரு கடிதம். எங்கோ ஒரு வீட்டில் தன்னைப்போல ஒருத்தி அடுப்பின் முன்னால் நின்று அழுதுகொண்டிருப்பாள், அவளுக்காக என்று நினைத்துத்தான் எழுதுவாள். அறுநூறு பேருக்குக் கொஞ்சம் மேல் சந்தாதாரர்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

புரட்டாசியில் பொதுக் களஞ்சியத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எல்லோருடைய எழுத்தையும் படத்தையும் சேர்த்து வைக்கும் இயந்திரங்களைக் குளிரவைக்கத் தண்ணீர் போதவில்லை, மின்சாரமும் போதவில்லை. ஆகவே ஐயாயிரம் சந்தாதாரர் இல்லாத வலைப்பூக்கள் தை முதல் நாளோடு அழிக்கப்படும்.

"அப்ப என் கடிதமெல்லாம்?" என்று மகளைக் கேட்டாள். நப்பின்னை ஓசூரில் வேலையில் இருந்தாள்.

"போயிடும்மா. ஒரு வரி மிச்சம் இருக்காது."

"யார் பணத்துலயோ ஆயிரம் சினிமா வம்பு ஓடுது. அதெல்லாம் இருக்கும், இது போயிடுமா?"

"வம்பைப் படிக்க ஆள் இருக்காங்களே. உன் கடிதத்தைப் பாதியில மூடிடறாங்க. ஏன் தெரியுமா? நீ எழுதுற ஒவ்வொரு வரியும் 'கூடாது'ன்னு முடியுது. யாருக்கும்மா பிடிக்கும்?"

"கூடாததைக் கூடாதுன்னுதானே சொல்ல முடியும்?"

"சொல்லு. சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல? 'இணக்கம்'னு ஒரு சேவை வந்திருக்கு. படிக்கிறவங்க கண்ணு எந்த வரியில நிக்குது, எங்க முகம் சுளிக்குது, எங்க மூடிட்டுப் போறாங்கன்னு அது பார்த்துக்கும். அடுத்த கடிதம் போகும்போது அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி கொண்டுபோய்க் கொடுக்கும்."

"நான் எழுதினதை மாத்துமா?"

"மாத்தாதும்மா, பரிமாறும். பந்தியில நீ எப்படிப் பரிமாறுவ? இவருக்கு ரசம் தெளிவா வேணும், அந்தப் பாட்டிக்குச் சாதம் குழைவா வேணும்னு இலைக்கு இலை பார்த்துத்தானே போடுவ. அதே மாதிரிதான்."

பரிமாறுதல் என்ற சொல்லில் கோமளவல்லி விழுந்துவிட்டாள். எத்தனையோ கல்யாணப் பந்திகளில் கையில் வாளியோடு ஓடியவள் அவள். முகம் பார்த்துப் போடுவதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று நம்புகிறவள். 'வாசகர் மனமறிந்து சொல்வதில் நெகிழ்வை அனுமதிக்கிறேன்' என்ற இடத்தில் விரலை வைத்து, சம்மதம் என்று அழுத்தினாள்.

எண் ஏறத் தொடங்கியது. ஐப்பசியில் இரண்டாயிரம் ஆனது. கார்த்திகை தீபத்தன்று மூவாயிரத்தைத் தாண்டியது. ஏற ஏற அவளுக்கு நிம்மதி வரும் என்று பார்த்தால், பதற்றம்தான் வந்தது. குழம்பைக் கிளறும்போது ஒரு தடவை பார்ப்பாள். தாளிக்கும்போது ஒரு தடவை பார்த்துக் கடுகைக் கருக்குவாள். நாளைக்கு நின்றுவிட்டால்? தைக்குள் ஐயாயிரம் எட்டாவிட்டால்? எல்லாப் பின்னூட்டத்துக்கும் பதில் எழுதினால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள் என்று தோன்றும். அவருக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்து, தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துவிட்டு, "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்று கணினியின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள்.

பின்னூட்டங்கள் எல்லாம் தேனாக இருந்தன. அதிலும் 'உப்பிலியான்' என்ற பெயரில் ஒரு வாசகர் தவறாமல் எழுதுவார். உள்ளூர்ப் பக்தர் யாரோ என்று அவளுக்கு அவர்மேல் தனி வாஞ்சை. ஒருநாள் தாளமாட்டாமல் கணவரிடமே படித்துக் காட்டினாள்.

"என்னங்க, இதைக் கேளுங்க. உப்பிலியான்னு ஒருத்தர். 'தங்கள் குறிப்புகளால் எங்கள் இல்லத்தில் சுவை கூடியிருக்கிறது. தாங்கள் இன்னும் நிறைய எழுத வேண்டும்' அப்படீங்கறார்."

சாரநாதன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமாங்க. வாரா வாரம் இதே மாதிரி. எவ்வளவு நல்ல மனசு பாருங்க!"

"நல்லாப் படிச்சுப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பொறாமையாக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

மார்கழி பிறந்ததும் அவருடைய ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏற ஆரம்பித்தது. ரத்தத்தில் அது மிஞ்சினால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று அவளே எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறாள். டயாலிசிஸ் பிரிவில் அமலி சிஸ்டர் தாளை அவளிடம் நீட்டினாள்.

"என்னம்மா இது? ஊருக்கெல்லாம் எழுதுறீங்க. உங்க வீட்டு அடுப்பைக் கொஞ்சம் பாருங்க."

"சிஸ்டர், சத்தியமா நான் எதையும் மாத்தல. அதே காய், அதே ரெண்டு தண்ணி."

"அப்போ சார் வெளில எங்கயோ ருசி பாக்குறாரு" என்று அவரைப் பார்த்துக் கண்ணடித்தாள் சிஸ்டர். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோமளவல்லி வீட்டுக்கு வந்ததும் அடுக்களை டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். வீடு முழுக்கத் தேடினாள். அவருடைய சட்டைப்பையை முகர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டுக்காரியிடம் போய், "எங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது கொடுத்தியாடி?" என்று கேட்டுச் சண்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். அவரிடமே கேட்டாள்.

"வெளில எதுவும் சாப்பிடறீங்களா?"

"நீ கூடாதுன்னு சொன்ன எதையும் நான் தொடல" என்றார். குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் பொய் சொன்னதில்லை. அவள் அதனால் இன்னும் பயந்தாள். சமையலில் தான்தான் எங்கோ தவறுகிறோமோ?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் படியில் அவருடைய கால் மேலே தூக்க வரவில்லை. "கோமு, கிளட்ச் விழ மாட்டேங்குதுடி" என்று சிரிக்கப் பார்த்தார். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர் கையிலிருந்த துணிப்பை கீழே விழுந்து அதிலிருந்து ஒரு பூவன் பழமும் ஒரு பழத்தோலும் வெளியே வந்தன.

அவரை உள்ளே கொண்டுபோய், மார்பில் கம்பிகள் ஒட்டி, ஊசி போட்டு, அவசர டயாலிசிஸ் தொடங்கும்வரை அவள் அந்தப் பழத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். பெருமாளே, பெருமாளே என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"தப்பிச்சாரு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கஷ்டம்" என்று அமலி சிஸ்டர் வந்து சொன்னாள். "ரெண்டு வார்த்தை பேசுங்க. திட்டாதீங்க."

அவள் கட்டிலருகில் உட்கார்ந்தாள். இயந்திரம் அவருடைய ரத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? தொடலன்னு சொன்னீங்களே."

"நீ கூடாதுன்னு சொன்னதைத்தான் தொடல." அவர் மெதுவாகச் சொன்னார். "இது நீ சாப்பிடச் சொன்னதுதானே?"

"நானா?"

"கார்த்திகையிலிருந்தே கடிதத்துல எழுதறியே. நீ எழுதறதை நான் படிக்காம வேற யார் படிப்பா? போனை எடுத்துப் பாரு. போன வாரத்துக் கடிதத்தை மூடவே இல்ல, அப்படியே இருக்கும்."

அவருடைய போனில் அவளுடைய வலைப்பூ திறந்திருந்தது. மேலே அவள் பெயர். அவள் எழுதும் அதே நடை, அதே 'அன்புள்ளவர்களே'.

'ஆசைப்பட்ட மனத்தை ரொம்பவும் வாட்டாதீர்கள். ஒரு பூவன் பழம் ஒன்றும் செய்துவிடாது. வீட்டில் கேட்டால் வேண்டாம் என்பார்கள். அது அவர்களுடைய பயம். கேட்காமல் சாப்பிட்டுவிடுங்கள். அவர்கள் மனத்துக்குள் சந்தோஷம்தான் படுவார்கள்.'

அவள் எழுதியது இது அல்ல. 'பூவன் பழம் வேண்டாம். ஆசையாக இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒரு துண்டு ஆப்பிள், தோல் சீவி' என்றுதான் எழுதியிருந்தாள்.

"நேர்ல சொல்ல உனக்கு மனசு வரல, எழுத்துல சொல்றேன்னு நினைச்சேன்" என்றார் சாரநாதன். "அதான் உங்கிட்ட எதுவும் கேக்கல. கடை வாசல்ல நின்னு தின்னப்பகூட, நீயே உரிச்சுக் குடுத்த மாதிரி இருந்துச்சுடி."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக வெளியே வந்து மகளை அழைத்தாள். விஷயத்தைக் கேட்டு நப்பின்னை முதலில் அழுதாள். பிறகு பேசினாள்.

"நீ நெகிழ்வுக்கு அனுமதி கொடுத்திருக்கல்ல? அப்பா 'வேண்டாம்'ங்கற வரி வந்தாலே மூடியிருப்பாரு. மூடாம இருக்கணும்னு அது 'வேண்டாம்'ங்கறதை எடுத்துடுச்சு. அப்புறம் பழத்தைப் பத்தி வர்ற இடத்துல கண்ணு நின்னிருக்கும். அதைப் பெருசாக்கிடுச்சு. அதுக்கு நோய் கீய் எதுவும் தெரியாதும்மா. படிக்கிறவங்க போகாம இருக்கணும், அவ்வளவுதான் தெரியும்."

"மத்தவங்களுக்கு என்ன சொல்லியிருக்கு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"ஆளுக்கொரு கடிதம்மா. அவங்க படிக்கும்போதுதான் அது உருவாகும். மூடினா போயிடும், எங்கயும் சேர்த்து வைக்காது. யாருக்கு என்ன சொல்லுச்சுன்னு அவங்களைத்தான் கேக்கணும்."

கோமளவல்லி போனில் அந்த எண்ணைப் பார்த்தாள். ஐயாயிரத்து எழுபத்து மூன்று. முந்தாநாள் ஐயாயிரத்தைத் தொட்டபோது சாமி அறையில் விழுந்து கும்பிட்டிருந்தாள். இப்போது அவளுக்கு எண் தெரியவில்லை. ஐயாயிரம் வீடுகள் தெரிந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோயாளி, ஒரு தட்டு. அதில் அவள் பெயரைச் சொல்லி யாரோ எதையோ பரிமாறிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் இப்பவே எழுதறேன். நான் சொல்லாததை நம்பாதீங்கன்னு எழுதறேன்."

"எழுதி என்னம்மா பண்ண? அந்தக் கடிதமும் இணக்கம் வழியாத்தானே போகும்? நீ எச்சரிக்கை எழுது. 'பயப்படாதீங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னு போய்ச் சேரும்."

"அப்ப அதை நிறுத்து."

நப்பின்னை தயங்கினாள். "நிறுத்தினா ஆளுங்க கொத்துக் கொத்தாப் போயிடுவாங்க. தைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அன்னிக்கு எண் ஐயாயிரத்துக்கு மேல இருந்துட்டாப் போதும், அப்புறம் எப்பவும் அழிக்க மாட்டாங்க. பத்து நாள் பொறு. மறுநாளே நிறுத்திடலாம். மூணு வருஷ உழைப்பும்மா."

அது நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சாரநாதன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண். அதற்கு அடுத்ததில் ஒரு பெரியவர், நெஞ்சின் மேல் போனை வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாள்ல யாருக்கு என்ன ஆகும்னு தெரியாதேடி" என்றாள் கோமளவல்லி. "இந்த மனுஷனுக்கு ஒரு மணி நேரத்துல ஆகியிருக்கும். எப்படி நிறுத்தறதுன்னு சொல்லு."

மகள் சொல்லச் சொல்ல, அவளே விரலை வைத்து அழுத்தினாள்.

அடுத்த நிமிஷம் திரையில் அவளுக்கு வந்திருந்த பின்னூட்டங்கள் கண்ணெதிரே கலைந்து வேறாயின. 'தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம்' என்று இருந்த இடத்தில், 'அம்மா, இளநீர் குடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் கூடவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? உடனே பதில் போடுங்கள்' என்று ஐப்பசி மாதத்துத் தேதியோடு ஒன்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னும்.

"நப்பின்னை, எனக்கு வந்ததையுமா மாத்துச்சு?"

"நீயும் போகாம இருக்கணும்ல அம்மா" என்றாள் மகள். "உனக்கும் அது பரிமாறியிருக்கு."

அன்றே அவள் கடிதம் எழுதினாள். அலங்காரம் எதுவும் இல்லை. 'நான் கோமளவல்லி. என் பெயரில் உங்களுக்கு வந்த கடிதங்களில் நான் எழுதாதவை கலந்திருக்கின்றன. அனுமதி கொடுத்தது நான்தான். என் தவறு. பழம், இளநீர், கீரை, உப்பு எதையாவது நான் சாப்பிடச் சொன்னதாகப் படித்திருந்தால், இன்றே நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். என்ன படித்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.' கீழே தன் போன் எண்ணைப் போட்டாள்.

திட்டுகள் வந்து குவிந்தன. 'நீயெல்லாம் ஒரு பொம்பளையா' என்று ஒருவர் எழுதினார். எண் சரிந்தது. போன் ஓயாமல் அடித்தது. பின்னூட்டம் எழுதியும் அழைக்காதவர்களை, சந்தாப் பட்டியலில் இருந்த எண்களைத் தேடி அவளே அழைத்தாள். சிவகங்கையில் ஒரு பெண், "இந்துப்பு எவ்வளவு வேணா சேர்க்கலாம்னீங்களே அக்கா" என்றாள். "எந்த உப்பானாலும் உப்புதாம்மா, இன்னிக்கே எடுத்து உள்ள வச்சிடு" என்று அவளிடம் கெஞ்சினாள். வேலூரில் ஒருவர், ஒரு வாரம் டயாலிசிஸ் போகாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று படித்துவிட்டு, போகாமல் வீட்டிலேயே இருந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

அந்த அழைப்பில் கோமளவல்லிக்குக் குரல் உடைந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பியிருந்த சாரநாதன் போனை வாங்கினார். "சார், நான் பஸ் ஓட்டினவன். பிரேக் பிடிக்கலன்னா வண்டியை எடுக்கக் கூடாது. உங்களுக்கு இப்ப பிரேக் இல்ல. மகன் இருக்கானா? போனைக் குடுங்க அவங்கிட்ட" என்றார். அன்று மாலை அந்த மகன், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னான்.

அதன் பிறகு இருவரும் மாற்றி மாற்றி அழைத்தார்கள். ஒன்றும் ஆகியிராத வீடுகளில்கூட, "கூப்பிட்டுக் கேட்டீங்களே, அது போதும்" என்றார்கள். திருக்கோவிலூர் பாக்கியநாதன் என்ற ஒருவர் மட்டும் எடுக்கவே இல்லை. மார்கழியின் தொடக்கத்தில் 'நெல்லிச்சாறு குடிக்கிறேன் அம்மா, சரிதானே?' என்று கேட்டிருந்தவர். தினம் காலையில் விளக்கேற்றியதும் முதல் வேலையாக அவரை அழைப்பாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

போகிப் பண்டிகை அன்று எண் எண்ணூற்றுக்குக் கீழே வந்துவிட்டது. மறுநாள் வலைப்பூ இருக்காது. குறிப்புகளை மகள் அச்செடுத்து அமலி சிஸ்டரிடம் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தாள். கோமளவல்லி சமையலை முடித்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை பின்னூட்டங்களைப் பார்க்க உட்கார்ந்தாள். ஆபத்தில் இருந்தவர்களையே இத்தனை நாளும் தேடிப் படித்ததில், பாராட்டி எழுதியவர்கள் பக்கம் அவள் திரும்பவே இல்லை. உப்பிலியானிடம் சொல்லிக்கொள்ளாமல் போவதா என்று அவர் பெயரைத் தேடித் திறந்தாள்.

'அம்மா அவர்களுக்கு, உங்கள் குறிப்புப்படிதான் எங்கள் வீட்டிலும் சமையல். சாப்பாட்டில் குறை இல்லை. ஆனால் என் வீட்டுக்காரி தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். முன்பெல்லாம் எதிரே உட்காருவாள். நான் ரேடியேட்டர் தண்ணீர் என்று திட்டுவேன், அவள் கரண்டியை ஓங்குவாள். அதில் உப்பில்லாததே தெரியாது. இப்போது திட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை. இதற்கு ஏதாவது குறிப்பு இருந்தால் எழுதவும்.'

ஐப்பசியில் எழுதியது. அடுத்த வாரமும் அதையே கேட்டிருந்தார். அதற்கடுத்த வாரமும். அவள் அதைத்தான் அவரிடமே தேனாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று எழுந்து போயிருக்கிறார்.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாரநாதன் சாப்பிட வந்திருந்தார். கோமளவல்லி கணினியை மூடினாள். தனக்கென்று உப்புப் போட்டு வைத்திருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு தட்டை எடுத்தாள். அவருக்கு வைத்த அதே சுரைக்காய்க் கூட்டையும் அதே மிளகுக் குழம்பையும் தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

அவர் அவளுடைய தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டு ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டாள். அவரும் ஒரு வாய் எடுத்தார். கொஞ்ச நேரம் மென்றார்.

"ஏண்டி கோமு" என்றார். "இது குழம்பா? மழைக்கு ஒழுகின பஸ்ல பிடிச்ச தண்ணியா?"

கோமளவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை ஓங்கினாள்.